பள்ளி நூலகத்தில் பழைய நூல்களைக் கழிப்பதும் புதியவற்றைச் சேர்ப்பதும்

பள்ளி நூலகப் பொறுப்பை ஏற்கும் ஆசிரியரின் கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு மூன்று பீரோக்களின் சாவிக்கொத்தும், தணிக்கையின்போது கணக்கு நேராக வேண்டுமே என்ற அச்சமும்தான். இந்த அச்சத்தால் எவரும் தொடாத நூல்கள் முப்பது ஆண்டுகளாக அதே தட்டில் இருக்க, புதிதாக வந்தவை கட்டுப் பிரிக்கப்படாமல் தலைமையாசிரியர் அறையில் கிடக்கின்றன. உரிய அனுமதியும் எழுத்துச் சான்றும் இருந்தால் நூல்களைக் கழிப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஆகவே பணியை இருப்புப் பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஆண்டுத் தேர்வு முடிந்து, மாணவர்களிடமிருந்து நூல்கள் திரும்பிய பின், ஒருவர் நூலின் பதிவு எண்ணை வாசிக்க மற்றொருவர் பதிவேட்டில் குறியிட்டு வந்தால் எவை உள்ளன, எவை காணவில்லை, எவை பதிவு எண்ணே இல்லாமல் நன்கொடையாக வந்து சேர்ந்தவை என்பது தெளிவாகிவிடும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017), நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை, ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் தொலைவதை இயல்பான இழப்பாகவே கொள்கின்றன. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ தொலைந்தால் மட்டும் விசாரணை கட்டாயம். மாநில அரசுப் பள்ளிகளுக்குத் தனி நடைமுறைகள் இருப்பினும், புழங்கும் நூலகத்தில் சில நூல்கள் தொலையவே செய்யும் என்று தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்ல இது உதவும்.

அடுத்து ஒவ்வொரு நூலையும் திறந்து பார்க்க வேண்டும். கரையான் அரித்தவற்றையும், தொட்டால் ஒடியும் தாள் கொண்டவற்றையும், இராமபாணப் பூச்சி புகுந்தவற்றையும் உடனே தனியே பிரித்து வைப்பது நல்லது. இல்லையெனில் கரையானும் பூச்சியும் பக்கத்துத் தட்டுக்கும் பரவும். தாளின் நிலையை விடக் கூர்ந்து நோக்க வேண்டியது உள்ளடக்கத்தை. புளூட்டோவை ஒன்பதாவது கோளாகக் கூறும் நூல் 2006க்கு முந்தைய செய்தியைத் தருகிறது. தெலங்கானா இல்லாத இந்திய வரைபடமும், தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று கூறும் பொது அறிவுக் களஞ்சியமும், இந்திய தண்டனைச் சட்டமே இன்றும் நடப்பில் இருப்பதாகக் காட்டும் போட்டித் தேர்வு வழிகாட்டியும் மாணவரைத் தவறான விடைக்கே இட்டுச் செல்லும். கதை, கவிதை நூல்களை இந்த அளவுகோலால் அளக்கக் கூடாது.

தனிக் கவனம் வேண்டுவது, 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான நூல்களுக்கு. அவற்றிலுள்ள ணை, லை, னை, றா போன்றவற்றின் பழைய வடிவங்களை இன்றைய ஒன்பதாம் வகுப்பு மாணவர் அச்சுப் பிழை என்றே எண்ணக்கூடும். அதற்காக அவற்றைப் பழைய காகிதக் கடைக்கு அனுப்புவது பெரும்பிழை. நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர்களின் நூல்கள் பல புதிய பதிப்புகளாகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன என்பதால், மாணவர்களுக்கு அந்தப் பதிப்பை வாங்கிவிட்டுப் பழையது அரிதானதா என்று சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் கேட்டறியலாம். பள்ளியின் பழைய ஆண்டு மலர்களை எந்நிலையிலும் கழிக்கலாகாது. அவற்றுக்கு வேறு படி எங்கும் இருக்காது.

வழங்கல் பதிவேட்டில் பெயரே ஏறாத நூல்களை உடனே ஒதுக்கிவிடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பூட்டிய பீரோவின் அடித்தட்டில் இருக்கும் நூலை மாணவர் எவ்வாறு கேட்பார்? அத்தகையவற்றை ஒரு பருவம் முழுவதும் வாசிப்பு மேசையில் பரப்பி வைத்து, அதன் பிறகும் எவரும் எடுக்காதவற்றைப் பற்றி மட்டும் முடிவெடுக்கலாம்.

கழிக்கத் தீர்மானித்தவற்றைப் பதிவு எண், தலைப்பு, ஆசிரியர், விலை, காரணம் ஆகியவற்றோடு பட்டியலிட்டு, தலைமையாசிரியரும் பாட ஆசிரியர்கள் இருவரும் பார்வையிட்டு ஒப்பமிட்ட பின், உரிய அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியைப் பெற வேண்டும். ஆணையின் எண்ணையும் தேதியையும் பதிவேட்டில் அந்தந்த நூலுக்கு நேரே சிவப்பு மையால் எழுதி, நூலின் தலைப்புப் பக்கத்தில் ‘நீக்கப்பட்டது’ என்று முத்திரையிட வேண்டும். நீக்கிய நூலின் எண்ணை வேறு நூலுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த தணிக்கையில் குழப்பம் உறுதி. தவறான செய்தியுள்ள நூல்களை அண்டைப் பள்ளிக்கு நன்கொடையாகத் தள்ளிவிடுவது நம் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் கொட்டுவதற்கு ஒப்பாகும். எடைக்குப் போட்ட தொகைக்கும் ரசீது இருக்கட்டும்.

வெற்றிடமான தட்டுகளே அடுத்து என்ன வாங்குவது என்பதைக் காட்டும். சனவரியில் சென்னையிலும், ஆண்டின் வேறு மாதங்களில் மாவட்டத் தலைநகரங்களிலும் நடைபெறும் புத்தகக் காட்சிகளில் வழக்கமாகப் பத்து விழுக்காடு கழிவு உண்டு (கழிவு என்ற சொல் இனிக்கும் இடம் இது ஒன்றே). மாணவர் சிலரை உடன் அழைத்துச் சென்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் செய்தால், வாங்கியவை பீரோவில் உறங்குவது பெரிதும் குறையும். 1957இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட்டின் படக்கதை நூல்கள் குறைந்த விலையில் தமிழிலும் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பினருக்குப் பெரிய எழுத்தும் சில பக்கங்களும் கொண்டவற்றை வாங்குவதே பயன் தரும். தடித்த தொகுதிகளை ஆசிரியர்களே எடுத்துச் செல்கின்றனர். வந்த அன்றே விலைச்சீட்டின் எண்ணோடு பதிவேட்டில் ஏற்றி, பதிவு எண்ணைத் தலைப்புப் பக்கத்திலும் பள்ளி தனக்கென வழக்கமாகக் கொண்ட ஓர் உட்பக்கத்திலும் எழுதி, அந்த வாரத்திலேயே நூல்களை வகுப்புகளுக்கு வழங்கத் தொடங்கிவிட வேண்டும்.