லினக்ஸில் பென்டிரைவை எக்ஸ்ஃபேட் ஆக்குவது

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் கூடுதல் மென்பொருள் இல்லாமலே படிக்கவும் எழுதவும் வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைதான் வசதி. பழைய கோப்பு முறையான ஃபேட்32-இல் 4 ஜிபி அளவுள்ள ஒரு வீடியோகூட ஏறாது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 5.7 பதிப்பு முதல் நல்ல எக்ஸ்ஃபேட் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. ஃபார்மட் செய்ய எக்ஸ்ஃபேட்ப்ராக்ஸ் தொகுப்பு மட்டும் வேண்டும்.

முதலில், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவை வைத்து டிரைவை அடையாளம் காணுங்கள். பெரும்பாலும் எஸ்டிபி என்று வரும், ஆனால் நம்பிவிடாதீர்கள். ஓர் எழுத்து மாறினால் வேறு டிஸ்க் காலி. பிறகு அன்மவுன்ட் செய்து (கணினியின் பயன்பாட்டிலிருந்து விடுவித்து), பழைய அடையாளங்களை அழிக்கும் வைப்எஃப்எஸ் கட்டளையை மைனஸ் ஏ சேர்த்து, ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓட்டுங்கள். முன்பு ஐஎஸ்ஓ என்ற டிஸ்க் நகல் கோப்பை எழுதிய டிரைவில் பழைய அடையாளங்கள் மிஞ்சி குழப்பும், அதற்காகத்தான் இது.

அடுத்து, டிரைவைப் பார்ட்டிஷன்களாக, அதாவது பகுதிகளாகப் பிரிக்கும் சிஎஃப்டிஸ்க் கட்டளை. அதில் டாஸ் வகைப் பார்ட்டிஷன் அட்டவணையும் ஒரே பிரைமரி பார்ட்டிஷனும் அமையுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: வகை தானாக 83, அதாவது லினக்ஸ், என்றே அமையும். அதை 7 ஆக மாற்றாவிட்டால், ஃபார்மட் சரியாக இருந்தும் விண்டோஸ் அந்தப் பகுதியைக் காட்டாமல் போகலாம்.

கடைசியில், ஃபார்மட் செய்யும் எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்ஃபேட் கட்டளையை முழு டிரைவுக்கு அல்ல, எஸ்டிபி1 என்ற பார்ட்டிஷனுக்குக் கொடுங்கள். பெயர் வைக்க மைனஸ் பெரிய எல், 11 எழுத்துக்குள்.

எக்ஸ்ஃபேட்டில் லினக்ஸின் கோப்பு உரிமைகள் கிடையாது. கோப்பின் உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளை வேலை செய்யாது; மவுன்ட் செய்யும்போதே (டிரைவை இணைக்கும்போதே) யுஐடி, அதாவது பயனர் எண், கொடுக்க வேண்டும்.