பழைய மெட்டல் பேண்டின் புது ஆல்பம்: விமர்சனங்களை எப்படிப் படிப்பது

முதலில் ஒன்று. ஆல்பத்தை ஒரு தடவை முழுசாகக் கேட்காமல் ஒரு விமர்சனத்தையும் திறக்காதீர்கள். கோத்தகிரியில் பஸ் ஏறி மேட்டுப்பாளையத்தில் இறங்குவதற்குள் மெட்டாலிகாவின் ‘72 சீசன்ஸ்’ (2023, 77 நிமிடம்) ஏறக்குறைய முழுதும் ஓடிவிடும். பாதி வழியில் சிக்னல் போய்விடும், அதனால் வீட்டிலேயே டவுன்லோட் பண்ணிக்கொள்ளுங்கள்.

அப்புறம் விமர்சனத்துக்கு வாருங்கள். தேதியைப் பாருங்கள். வெளியான அன்றே வந்தது என்றால், எழுதியவர் பெரும்பாலும் அவசரமாகச் சில தடவைதான் கேட்டிருப்பார். மதிப்பெண்ணை ரொம்ப நம்ப வேண்டாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்றால் பரவாயில்லை என்று தோன்றும், அதையே பல விமர்சனங்களின் மதிப்பெண்களைத் திரட்டிப் போடும் மெட்டாகிரிட்டிக் இணையதளம் நூற்றுக்கு 60 என்று மாற்றிப் போட்டால் ஏதோ மட்டமான ஆல்பம் மாதிரி ஆகிவிடும்.

மதிப்பெண்ணை விட்டுவிட்டு, குறையாக என்ன சொல்கிறார் என்று தேடுங்கள். நீளம் என்றால் நீங்களே சோதிக்கலாம். அயர்ன் மெய்டனின் ‘சென்ஜுட்சு’ (2021) 82 நிமிடம், கடைசி மூன்று பாட்டும் பேண்டின் பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் எழுதியவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு மேல். முழு ஆல்பமும் கேட்டுக் காது களைத்த பிறகு அந்த மூன்றும் இழுவையாகத்தான் தெரியும், ஆகவே இன்னொரு நாள் அவற்றை மட்டும் தனியாகப் போட்டுக் கேளுங்கள், அப்போதும் இழுத்தால் விமர்சகர் சொன்னது சரி.

ஒலிப்பதிவு சரியில்லை என்று எழுதியிருந்தால் அதைக் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது ரசனை விஷயம் மட்டும் இல்லை. மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ (2008) வந்தபோது சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி நசுக்கிவிட்டார்கள் என்று புகார் கிளம்பியது, கிட்டார் ஹீரோ என்ற வீடியோ கேமில் வந்த அதே பாட்டுகள் நசுங்காமல் இருந்ததால் ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டே காட்டிவிட்டார்கள். நீங்களும் வால்யூமை நன்றாகக் குறைத்து டிரம்ஸை மட்டும் கவனியுங்கள்: ஒவ்வொரு அடியும் கிட்டாரைத் தாண்டித் தனியாக எழும்பி வரவேண்டும், எல்லாம் ஒரே மட்டத்தில் இரைந்தால் புகாரில் உண்மை இருக்கிறது. தகரக் கூரையில் ஆடி மழை அடிக்கும்போது மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், டபுள் பேஸா (இரண்டு காலாலும் வேகமாக அடிக்கும் பெரிய டிரம்) மழையா என்றே தெரியாது.

வயதுக்குக் கொடுக்கும் மரியாதையைக் கழித்துவிடுங்கள். ஜூடாஸ் பிரீஸ்டின் ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ (2024) வந்தபோது பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு 72 வயது. இந்த வயதிலும் இப்படிக் கத்துகிறாரே என்பது ஆச்சரியம்தான், ஆனால் அது பாட்டைப் பற்றிய கருத்து இல்லை. (எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கும், அது வேறு விஷயம்.) சார்ட்டில் முதலிடம் என்பதும் அப்படித்தான். பிளாக் சாபத்தின் ‘13’ (2013) பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, 1970-ல் வந்த ‘பாரனாய்ட்’டுக்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. அது விற்பனைக் கணக்கு. அதே ஆல்பத்தில் பேண்டின் பழைய டிரம்மர் பில் வார்ட் இல்லாமல் பிராட் வில்க் டிரம்ஸ் வாசித்ததால் என்ன மாறியது என்று ஒருவர் விளக்கினால், அந்த விமர்சனத்தை உட்கார்ந்து படிக்கலாம்.

2007-ல் அயர்ன் மெய்டனைப் பார்க்க ஊட்டியிலிருந்து பெங்களூருக்குப் பஸ் பிடித்துப் போன அண்ணன் யாராவது உங்கள் பக்கம் இருந்தால் அவரிடமும் பேசுங்கள். ஆல்பம் எப்படி அண்ணா என்று கேட்டால் பழசு மாதிரி வராது தம்பி என்றுதான் ஆரம்பிப்பார், அதனால் எந்தப் பாட்டை ரெண்டாவது தடவை போட்டீங்க என்று கேளுங்கள்.