தளம் மக்கர் செய்கிறதா? எடுத்தவுடன் எல்லாவற்றையும் அழிக்காதீர்கள்

ஒரு இணையதளம் பழைய பக்கத்தையே திரும்பத் திரும்பக் காட்டினால், முதலில் கன்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சேமித்த நகலை ஒதுக்கிவிட்டுப் பக்கம் புதிதாக இறங்கும். பெரும்பாலும் இதுவே போதும்.

சரியாகவில்லையா? கன்ட்ரோல், ஷிப்ட், டெலீட். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் மூன்றிலும் பிரவுசர் சேமித்து வைத்தவற்றை அழிப்பதற்கான பெட்டி திறக்கும். இங்கேதான் நிதானம் வேண்டும். கேஷ் என்பது படங்கள், ஸ்கிரிப்டுகளின் நகல். அதை அழித்தால் நஷ்டமில்லை. அடுத்த முறை தளம் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான். குக்கீ அப்படியல்ல. அது உங்களை அடையாளம் காண ஒரு தளம் உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு. அதை அழித்தால், நீங்கள் உள்நுழைந்திருக்கும் தளங்களெல்லாம் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். சில பிரவுசர்களில் சேமித்த பாஸ்வேர்டுகளுக்கும் அதே பெட்டியில் ஒரு கட்டம் இருக்கும்; அதில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கால அளவு ‘கடைசி ஒரு மணி நேரம்’ என்றிருந்தால் பழைய குப்பை அப்படியே கிடக்கும்.

ஒரே ஒரு தளம்தான் தொல்லை என்றால், முகவரியின் இடப்பக்கச் சின்னத்தைச் சொடுக்கி அந்தத் தளத்தின் குக்கீகளை மட்டும் நீக்கலாம். என்னைக் கேட்டால் இதுதான் நல்ல வழி. மேக்கில் இந்த மூன்று பிரவுசர்களைப் பயன்படுத்துபவர்கள் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்டை அழுத்துங்கள்.