பொன்னியின் செல்வனோடு நின்றுவிடாதீர்கள்: சோழநாடு கிளம்பும் முன் படிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

போன மே மாதம் சென்னை நண்பர் ஒருவர் குடும்பத்தோடு கும்பகோணம் வந்தார். ‘பொன்னியின் செல்வ’னை இரண்டாம் முறையாக முடித்த கையோடு கிளம்பி வந்தவர். வண்டியை விட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “பழையாறை அரண்மனைக்கு எப்படிப் போகணும்?” சோழர்களின் அரண்மனை இருந்த ஊர் அது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். வயல், தென்னந்தோப்பு, கட்டியிருந்த இரண்டு மாடுகள், கொஞ்சம் தள்ளி ஒரு கோயில். “இவ்வளவுதானா?” என்றார். திரும்பும் வழியில் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தச் சொன்னார், காவிரியைப் பார்க்க. கீழே மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் படிக்காமல் வந்தவர் இல்லை. நிறையவே படித்திருந்தார். எல்லாம் ஒரே இடத்திலிருந்து படித்தது, அதுதான் சிக்கல். ஊருக்கு வருகிறவர்களைப் பத்து வருடமாகச் சுற்றிக் காட்டுகிறவன் என்ற முறையில், திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சில தவறுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, நாவலை வரைபடமாக எடுத்துக்கொள்வது. கல்கி அதை 1950இல் தொடங்கி 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக எழுதினார். நந்தினி அவர் படைத்த பாத்திரம். அவள் இருந்த மாளிகையைத் தஞ்சாவூரில் தேடுவதில் பொருளில்லை. இதைச் சொன்னால் பலர் முகம் சுருங்கிவிடும். உடனே அடுத்ததையும் சொல்லிவிடுவேன்: நாவலில் சதிகாரனாக வரும் ரவிதாசன் நிஜம்! வீராணம் ஏரியை ஒட்டிய காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனை’, அதாவது ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை, கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயரைச் சொல்லி, அவர்களையும் உறவினரையும் சேர்ந்த நிலங்களைப் பற்றிப் பேசுகிற ராஜராஜன் காலத்து ஆணை. நாவல் தொடங்குவது எந்த ஏரிக்கரையிலோ, அதே ஏரிக்குப் பக்கத்திலேயே அந்தக் கொலைக்கான கல்சாட்சியும் நிற்கிறது. நாவலைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கோயிலுக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

வந்தியத்தேவனும் அப்படித்தான். நாவலில் ஐந்து பாகமும் குதிரையேறித் திரிகிற ஆள், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் அக்கா குந்தவையின் கணவராக, ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்று அந்த அம்மையாரின் பெயருக்கு முன்னால் ஒரு அடைமொழிபோல வந்துவிட்டுப் போகிறார். அந்த ஒற்றை வரியிலிருந்து கல்கி எவ்வளவு பெரிய ஆளை எழுப்பினார் என்பது கல்லைப் பார்த்தால்தான் உறைக்கும். ஆகவே நாவலைப் படியுங்கள், தாராளமாக. கூடவே சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ முதல் பாகத்தில் சுந்தர சோழர் முதல் ராஜராஜன் வரையுள்ள பக்கங்களையும் படித்துவிடுங்கள். எது கல், எது கற்பனை என்பது ஒரே ராத்திரியில் பிரிந்துவிடும்.

இதற்கு நேரெதிரான தவறு ஒன்று உண்டு. பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நீலகண்ட சாஸ்திரியாரின் ‘சோழர்கள்’ நூலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது. அருமையான நூல், 1930களில் எழுதியது இன்றும் நிற்கிறது. ஆனால் சங்க காலம் முடிவதற்குள் ரயில் ஏறும் நாள் வந்துவிடும். தலையணை அளவு நூலைப் பொருளடக்கம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். போகிற ஊருக்கு உரிய அதிகாரம் போதும்.

அடுத்தது வாட்ஸ்அப் வரலாறு. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல். அதை சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள். மூன்றையும் யாராவது ஒருவர் சொல்லாமல் நான் அந்த வளாகத்தை விட்டு வெளியே வந்ததில்லை. நிழல் நன்றாகவே விழுகிறது. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் போனால் அதில்தான் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். உச்சிச் சிகரம் ஒரே கல் இல்லை, பல துண்டுகளைப் பொருத்திக் கட்டியது. எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம், இந்தக் கதைகள் நிஜமான வியப்பை மறைத்துவிடுகின்றன என்பதுதான். கோயில் சுவரில் கோயிலில் ஆடிப் பணிசெய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர் ஒவ்வொன்றாக இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரை. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு தெருவின் கதவிலக்கப் பட்டியல் அது. 80 டன் கல் இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

கல்வெட்டு என்றதும் ‘நமக்கெங்கே புரியப்போகிறது’ என்று ஒதுங்குவதையும் தவறுகளின் கணக்கில்தான் சேர்ப்பேன். இதற்கு இரண்டு மணி நேரத் தயாரிப்பு போதும். அந்தக் காலத்து எழுத்தில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர, ஏகார வேறுபாடு கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு, எழுத்து வடிவ அட்டவணை ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, கிளம்பும் முன் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைச் சொல்லும் பகுதி) முதல் வரியை மனப்பாடம் செய்துவிடுங்கள்: ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’. வரி தெரிந்திருந்தால் எழுத்து தானாகப் பிடிபடும். முதலில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’யைத் தேடுங்கள், அது கிரந்தத்தில் இருக்கும். பிறகு ‘திருமகள்’. நண்பரின் மகள், ஒன்பதாவது படிக்கிறவள், கால் மணி நேரத்தில் ‘காந்தளூர்ச் சாலை’ வரை விரலை வைத்துக்கொண்டே போய்விட்டாள். (விரல் கல்லில் படாமல், சொல்லிவிட்டேன்.) அதே கோயிலில், அரசன் தான் கொடுத்ததையும் அக்கன் கொடுத்ததையும் பெண்டுகள் கொடுத்ததையும் மற்றவர் கொடுத்ததையும் ‘கல்லிலே வெட்டுக’ என்று சொல்கிற இடமும் இருக்கிறது. இந்தக் கோயிலைக் கட்டியது ராஜராஜன்தான் என்பதே 1880களில் ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் ஹூல்ஷ் இந்தக் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் உறுதியானது. அதற்கு முன் தலபுராணம் வேறொரு சோழன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சோழன் கணக்கில் எழுதிவிடுவதும் ஒரே காலத்தைப் பற்றி மட்டும் படிப்பதால் வருவது. பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. அரண்மனை நாயக்கர்களுடையது, மராட்டியர் சேர்த்துக் கட்டியது. சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தெடுத்தவர் இரண்டாம் சரபோஜி. கருவறையைச் சுற்றிய உள்சுவரில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார்.

தாராசுரத்துக்குப் போகிறவர்கள் வரலாற்றைக் காட்டிலும் பெரியபுராணக் கதைகளைப் படித்துவிட்டுப் போவது நல்லது. உரைநடைச் சுருக்கமே போதும். கருவறையின் அடிப்பகுதியில் நாயன்மார் வரலாறு சின்னச் சின்னச் சிற்பங்களாக, பெயர்க் குறிப்போடு ஓடுகிறது. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர் என்பது மரபு. கோயிலைக் கட்டிய இரண்டாம் ராஜராஜன் அவன் மகன். புத்தகத்தின் மை காயும் முன்னே கல்லில் ஏற்றிய மாதிரி. கதை தெரியாதவர் அந்த வரிசையை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவார். தெரிந்தவர் முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வரும் இடத்தில் குனிந்து நின்றுவிடுவார்.

ஆற்று விஷயத்துக்கு வருகிறேன். நாவல் ஆடிப்பெருக்கில் தொடங்குகிறது. நாம் பள்ளி விடுமுறையில் போகிறோம். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதிலும் நீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் புதுவெள்ளத்தைத் தேடினால் மணல்தான். தண்ணீர்தான் பார்க்க வேண்டுமென்றால் ஆடிக்கு மேல் வாருங்கள். காவிரிக்காக என்றால், சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யைப் படித்துவிட்டு வாருங்கள், ஆற்றோடு போவது எப்படி என்று அதில் தெரியும்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தையதை மட்டும் படித்துவிட்டு வருவதில் இன்னொரு இழப்பும் உண்டு, இப்போது இங்கே இருக்கிற ஊர் கண்ணிலேயே படாது. கும்பகோணத் தெருக்களுக்கு ‘மோகமுள்’ளை விட நல்ல துணை எனக்குத் தெரியாது. உ.வே.சா.வின் ‘என் சரித்திர’த்தில் 1880இல் இதே ஊரில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்கிற பகுதியைப் படித்துவிட்டு, கல்லூரிப் பக்கம் ஆற்றங்கரையில் நடந்து பாருங்கள். நாகப்பட்டினம் பக்கம் போகிறவர்கள் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் விவசாயக் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டதைப் படிக்காமல் போகக் கூடாது. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ அந்தப் பின்னணியில் எழுந்ததுதான். பச்சை வயலைப் படம் எடுக்கும்போது அது யாருடைய உழைப்பு என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, புத்தகத்தை வீட்டில் விட்டுவிட்டு வருவது. நண்பர் அப்படித்தான் வந்திருந்தார், கனம் என்று. மதியம் நடை சாத்தியபின் நான்கு மணி வரை எங்கள் ஊர்ப்பக்கம் செய்வதற்கு ஒன்றும் கிடையாது, வெயில் வேறு. என் பையிலிருந்த பண்டாரத்தாரை எடுத்துக் கொடுத்தேன். தாராசுரம் மண்டபத்துத் தூணில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று நிமிர்ந்து, “காட்டுமன்னார்கோயில் இங்கேர்ந்து எவ்வளவு தூரம்?” என்றார்.