நோவோ பிர்டோ முற்றுகை: படிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்

முதல் சறுக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் 'சுரங்கம்' என்றால் தாது வெட்டும் குழியும்தான், அரண்மனைக்கு அடியில் ஓடும் ரகசியப் பாதையும்தான். அதனால் 'சுரங்கக் கோட்டை' என்று கேட்டதும் பலர் மனதில் வருவது ராஜா தப்பித்துப் போகும் வழி. நோவோ பிர்டோ அப்படிப்பட்டதல்ல. இன்றைய கொசோவோவில், சுமார் 1,100 மீட்டர் உயர மலைமேல், சுற்றிலும் இருந்த வெள்ளிக் குழிகளைக் காக்க நின்ற கோட்டை அது. அங்கே கிடைத்த வெள்ளியில் தங்கமும் கலந்திருந்தது. அதனால் அட்ரியாட்டிக் கடற்கரை நகரமான துப்ரோவ்னிக்கின் வணிகர்கள் அதைத் தேடி வந்து வாங்கினார்கள். 1433இல் அந்தப் பக்கம் பயணம் செய்த பெர்ட்ராந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர், செர்பிய ஆட்சியாளருக்கு இந்த ஓர் ஊரிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 2,00,000 டுகாட் தங்கக் காசுக்கு மேல் வருகிறது என்று எழுதிவைத்தார். இந்தக் கணக்கை மனதில் வைக்காமல் முற்றுகையைப் படித்தால் ஒன்றுமே புரியாது.

பெயரிலும் கவனம் வேண்டும். இத்தாலிய ஆவணங்களில் நோவோமோன்தே, துருக்கி மொழியில் நோவாபெர்தா, அல்பேனிய மொழியில் நோவோபெர்த். எல்லாம் ஒரே ஊர்.

அடுத்தது, 'கோட்டை 1455இல் விழுந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. தேதி சரிதான்: துருக்கியரின் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத்தின் படை 40 நாள் முற்றுகையிட்டு, 1455 ஜூன் 1ஆம் தேதி ஊரைக் கைப்பற்றியது. ஆனால் அதற்கு முன்பே, 1441இல், அவருடைய தந்தை இரண்டாம் முராத் காலத்தில் ஒருமுறை விழுந்தது. 1444இல் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கையில் செர்பியாவுக்குத் திரும்பக் கிடைத்தது. அப்புறம்தான் 1455. பதினான்கு ஆண்டு இடைவெளியில் கைமாறி, மீண்டு, மறுபடி போன ஊர் என்று படித்தால்தான் அங்கே வாழ்ந்தவர்களின் பதற்றம் கொஞ்சமாவது பிடிபடும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது இன்னொரு தவறு: இதை 'கிறிஸ்தவர் எதிர் முஸ்லிம்' என்று இரண்டு பெட்டியில் அடைப்பது. செர்பிய ஆட்சியாளர் ஜூராஜ் பிரான்கோவிச்சின் மகள் மாரா, சுல்தான் முராத்தின் மனைவி. ஆக 1441இல் மாமனாரின் கோட்டையைப் பிடித்தது மருமகனின் படை. 1453இல் கான்ஸ்தாந்தினோபிள் முற்றுகை நடந்தபோது, மதிலுக்கு அடியில் குடைந்துபோக மெஹ்மெத்துக்குத் திறமையான கைகள் தேவைப்பட்டன. அதற்கு வந்தவர்கள் நோவோ பிர்டோவின் சுரங்கத் தொழிலாளர்களே. அடுத்த இரண்டே ஆண்டில் அதே சுல்தான் அவர்கள் ஊர் வாசலில் வந்து நின்றார். ஊருக்குள்ளும் ஒரே இனம் இல்லை. செர்பியர், அல்பேனியர், துப்ரோவ்னிக் வணிகர் இருந்தார்கள். ஜெர்மன் நாடுகளிலிருந்து வந்து தொழில் கற்றுக்கொடுத்த சாக்சன் சுரங்கக்காரர்களின் வழிவந்தவர்களும் இருந்தார்கள்.

துருக்கியர் வந்ததோடு சுரங்கம் மூடிப்போனது என்று எழுதுவதும் பிழை. அவர்கள் வந்ததே வெள்ளிக்காக. ஜூராஜுக்கு முன் செர்பியாவை ஆண்ட ஸ்தெஃபான் லாசரெவிச் 1412இல் போட்ட சுரங்கச் சட்டத்தின் நடைமுறையைத் தூக்கி எறியாமல் தங்கள் சட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சாக்சன் தொழிற்சொற்கள்கூட துருக்கிச் சட்டத்துக்குள் நுழைந்தன. ஊர் சுருங்கியது வெகுகாலம் கழித்துத்தான்.

சரி, முற்றுகையின் முடிவுக்கு வருவோம். பீரங்கி மதிலை உடைத்தது, படை பாய்ந்தது என்று வேகமாகச் சொல்லிவிடுகிறோம். பீரங்கிகள் இருந்தன, மதிலும் சேதமானது. ஆனால் ஊர் கடைசியில் பேச்சுவார்த்தையில் சரணடைந்தது. என்ன நடந்தது என்பதை அங்கே பிடிபட்ட கொன்ஸ்தாந்தின் மிஹைலோவிச் எழுதியிருக்கிறார். உடைமைக்கும், இளம்பெண்களுக்கும் பையன்களுக்கும் தீங்கு வராது என்பதுதான் சுல்தான் தந்த வாக்கு. பிறகு கோட்டைக் கதவுகளை மூடச் சொல்லி, ஒரே ஒரு சின்ன வாசலை மட்டும் திறந்துவைத்தார்கள். மக்கள் பொருள்களை வீட்டிலேயே விட்டுவிட்டு ஒவ்வொருவராக வெளியே வர வேண்டும். வாசலுக்கு முன்னால் சுல்தானே நின்று, பையன்களை ஒரு பக்கம், பெண்பிள்ளைகளை ஒரு பக்கம் என்று பிரித்தார். ஊர்த் தலைவர்களின் தலை வெட்டப்பட்டது. 320 பையன்கள், 704 பெண்கள் கொண்டுபோகப்பட்டனர். மீதிப் பேரை வீட்டுக்குத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் பொருளை யாரும் தொடவில்லை. குழிக்குள் இறங்க ஆள் வேண்டும் அல்லவா? நான் இந்தக் கடைசி வரியை அப்படித்தான் வாசிக்கிறேன்.

இந்தப் பையன்களை 'தெவ்ஷிர்மே' என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. அது ஆளப்படும் கிறிஸ்தவக் குடிகளிடம் முறைவைத்துப் பிள்ளை எடுக்கும் ஏற்பாடு. இவர்கள் போர்க்கைதிகள். இரு வகைப் பையன்களும் சுல்தானின் ஜானிசரி என்ற காலாட்படைக்குத்தான் போனார்கள் என்றாலும் வழி வேறு.

மிஹைலோவிச்சின் நூலை நாட்குறிப்பு போலக் கையாளக் கூடாது. பல பத்தாண்டுகள் கழித்து, முதிய வயதில், துருக்கியருக்கு எதிராக அரசர்களைத் தூண்டும் நோக்கத்தோடு எழுதியது. போலிஷ், செக் மொழிப் பிரதிகளாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. எண்களை அந்தக் கவனத்தோடுதான் எடுக்க வேண்டும். ஆனால் அவர் அந்த வாசலில் தன் இரண்டு சகோதரர்களோடு சேர்த்துப் பிரித்தெடுக்கப்பட்டவர். கொண்டுபோகும் வழியில், சமோகோவ் அருகே சில பையன்களோடு இரவில் தப்பி ஓடினார். பிடித்துக் கட்டி, அடித்து, குதிரைக்குப் பின்னால் இழுத்துப்போனார்கள். எட்டு ஆண்டு கழித்து, 1463இல், அதே சுல்தானுக்காக போஸ்னியாவில் ஸ்வெச்சாய் கோட்டையைக் காத்து நின்றவரும் அவர்தான். ஹங்கேரி மன்னர் மாத்தியாஸ் அந்தக் கோட்டையைப் பிடித்தபோதுதான் அவர் மறுபடி தன் மக்கள் பக்கம் வந்து சேர்ந்தார்.