நீலத் தவளை வாங்கும் ஆசை வந்தால்

சென்ற ஏப்ரலில், அல்சூரில் இருக்கும் அக்கா மகன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "மாமா, இது பெங்களூரிலேயே கிடைக்குமாம், வாங்கட்டுமா?" என்று கேட்டான். தீக்குச்சி நீளமே உள்ள நீல உடலில் மை தெளித்தாற்போல் கரும்புள்ளிகள். அசூரியஸ் எனப்படும் நச்சுத் தவளை அது. தென் அமெரிக்க நாடான சுரினாமின் தென்பகுதியில், சிபாலிவினி புல்வெளிக்குள் தீவுகள்போல் நிற்கும் சிறு காடுகளே இதன் முதன்மையான தாயகம் என்பதால், அங்கிருந்து பிடித்து விற்கப்படும் ஒவ்வொன்றும் பெரிய இழப்பாகும்.

எனவே விலையைக் கேட்கும் முன் ஆவணத்தைக் கேட்க வேண்டும். நச்சுத் தவளைகள் 1987 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. 2022இல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குச் சட்டம் அப்பட்டியலைத் தன் நான்காம் அட்டவணையில் சேர்த்துக்கொண்டதால், இவற்றை வைத்திருப்பவர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். வளர்ப்பிடத்தில் பிறந்தது என்பதற்கும், முறையாகக் கைமாறியது என்பதற்கும் எழுத்துச் சான்று தராமல் "பேப்பர் எல்லாம் பிறகு பார்க்கலாம்" என்பவரிடம் வாங்கவே கூடாது.

ஆவணம் சரியாக இருந்தாலும் கோடையை நினைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு 22 முதல் 27 டிகிரி வெப்பமே உகந்தது. 30ஐத் தாண்டி நீடித்தால் உயிருக்கு ஆபத்து. ஊட்டிபோல் குளிரும் பெங்களூர் இப்போது பேச்சில் மட்டுமே இருப்பதால், ஏசி அறை இல்லாதவர் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். போர்வெல் தண்ணீரோ கண்ணாடியில் வெள்ளைக் கறையை விடும். ஆகவே தொட்டிக்குள் ஆர்.ஓ. நீரையே தெளிக்கலாம்.

நஞ்சைக் குறித்து அஞ்சத் தேவையில்லை. காட்டில் தின்னும் எறும்பு, சிற்றுண்ணி முதலியவற்றிலிருந்தே அது தோலில் சேர்கிறது; பழ ஈக்களை உண்டு வளர்ப்பிடத்தில் பிறந்த தவளையிடம் அது இராது. (கொலம்பியாவின் எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்பில் தடவிவந்ததும் பொன்தவளை போன்ற வேறு இனங்களின் நஞ்சைத்தான்.) எனினும் கையால் தொடக் கூடாது, நம் விரலில் ஒட்டியிருக்கும் சோப்பை அதன் ஈரத்தோல் உறிஞ்சிவிடும்.

இலைமேல் இட்ட முட்டைகள் காயாமல் ஈரப்படுத்திக் காப்பவன் பெரும்பாலும் தந்தையே. பொரிந்த தலைப்பிரட்டை அவன் முதுகில் ஏறி ஒட்டிக்கொள்ள, அவன் அதைச் சிறு நீர்க்குழிக்குச் சுமந்து செல்வான். ஆகையால் தொட்டியில் இலைச்சருகும் சிறு நீர்க்கிண்ணமும் அவசியம்.

வளர்க்க முடியாமற்போனால், அல்சூர் ஏரியிலோ லால்பாக்கிலோ விட்டுவிடாமல் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை நீர்வழியே பரவக்கூடியது; தொட்டி கழுவிய நீரையும் பிளீச்சிங் பவுடர் கலந்து சற்று நேரம் வைத்த பிறகே சாக்கடையில் ஊற்ற வேண்டும்.