புகையிலை ட்ரெய்னிங்னு டீச்சர்களைக் கூப்பிட்டு நாம பண்ற தப்புகள்

டீச்சர்களை ஹால்ல உக்கார வச்சு முதல்ல என்ன போடுறோம், வாய்ப் புற்றுநோய் போட்டோ. அப்புறம் நுரையீரல் படம், உறுதிமொழி, டீ, பிஸ்கட், குரூப் போட்டோ, முடிஞ்சிருச்சு. மறுநாள் எட்டாவது படிக்கிற பையன் பையில கூல் லிப்ங்கிற புகையிலை டப்பா கிடைச்சா அந்த டீச்சர் முதல் வார்த்தையா என்ன பேசணும்? அதை யாரும் சொல்லித் தரல.

நானும் ஆரம்பத்துல போட்டோ பார்ட்டிதான். பதிமூணு வயசுப் பையனுக்கு அம்பது வயசுல வர்ற கேன்சர்ங்கிறது வேற யாருக்கோ வர்றதுங்க. "ஒன்னு தானடா மச்சி"னு ஃப்ரெண்ட் நீட்டுறப்போ கேலிக்கு ஆளாகாம எப்படி நழுவுறதுங்கிறதுதான் அவனோட பிரச்சனை. அதனால இப்பல்லாம் ஒரு சாரை பையனா நடிக்க வச்சு இன்னொரு சாரைப் பேசச் சொல்றேன், பாதிப் பேரு ரெண்டாவது வாக்கியத்துலயே "உங்கப்பாவக் கூட்டிட்டு வா"க்கு போயிடுறாங்க, டிசி மிரட்டலும் வந்துரும். அப்புறம் பையன் நிறுத்த மாட்டான், இன்னும் நல்லா ஒளிச்சு வைப்பான், அவ்வளவுதான். எப்ப இருந்துடா, யார் கூட இருக்கப்போ, நிறுத்திப் பாத்தியா, இந்த மூணு கேள்வியைத் திட்டாம கேக்கப் பழகுறதுக்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். நிக்கோடின் பிடிச்சுப்போன பையனுக்கு அட்வைஸ் பத்தாது, புகையிலையை விட உதவுற 1800-11-2356 இலவச நம்பரையும் டீச்சர் கையில குடுத்து அனுப்புங்க.

அடுத்தது, இன்னும் பீடி நாத்தத்தைத் தேடுறது. இப்ப வர்றது கூல் லிப் மாதிரி உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல வைக்கிற குட்டிப் பை, புகையும் இல்ல துப்பவும் வேணாம், க்ளாஸ்லயே வச்சுட்டு உக்காந்திருப்பான். டீச்சருக்கு இதைக் காட்டணும், ஆனா அதே பாக்கெட்டைக் க்ளாஸ்ல சுத்த விட்டா அது ஓசி விளம்பரம்.

ஹைஸ்கூல் டீச்சர்களை மட்டும் கூப்பிடுறதும் தப்பு. 2019ல இந்தியா முழுக்க 13–15 வயசுப் பிள்ளைகள்ட்ட எடுத்த சர்வேல, மெல்லுற புகையிலை தொட்டவங்கள்ல 52 சதவீதம் பேரு பத்து வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருந்தாங்க. அப்போ நாலாங்கிளாஸ் டீச்சர் எங்க?

மே 31 புகையிலை எதிர்ப்பு நாளை நம்பி உக்காந்திருக்கிறதும் அப்படித்தான், நம்மூர்ல அன்னிக்கு பெரும்பாலும் கோடை லீவு!

கேட்டுக்கு வெளிய இருக்கிற கடையை விட்டுட்டு பையனை மட்டும் பிடிக்கிறோம். 100 கஜத்துக்குள்ள விக்கக் கூடாதுன்னு 2003 சட்டமே இருக்கு, ஆனா அதுல அபராதம் 200 ரூபாய் வரைதான், கடைக்காரர் சிரிச்சுட்டே கட்டுவாரு. சின்னப் பிள்ளைகளுக்கு வித்தா சிறார் நீதிச் சட்டம் 77வது பிரிவுல 7 வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம்னு இருக்கிறது நிறைய ஹெச்எம்களுக்கே தெரியல, ட்ரெய்னிங்ல அஞ்சு நிமிஷம் எடுத்து அந்தப் பிரிவை போர்டுல எழுதிப் போடுங்க.